மாசத்துக்கு எத்தனை கிலோ அரிசி?

என்னிடம் வருகிறவர்களில் பலர் கையில் ஏற்கெனவே ஒரு தாள் இருக்கும். நாலாக மடித்து, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருப்பார்கள். டயட் சார்ட். காலையில் சர்க்கரை போடாத டீ, எட்டு மணிக்கு ஓட்ஸ் அல்லது பிரவுன் பிரெட், பதினோரு மணிக்கு ஒரு ஆப்பிள், மத்தியானம் சாலடும் ஒரு கிண்ணம் பழுப்பரிசிச் சோறும், நாலரைக்கு வறுத்த மக்கானா. தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில், பத்துக்குப் பத்து அறையில் குடியிருந்துகொண்டு விடியற்காலை மூன்று மணிக்கு இட்லிக்கு அடுப்பு மூட்டுகிற பெண்மணி அந்தத் தாளில் இருக்கும் எதையும் ஒரு நாள்கூடச் சமைத்ததில்லை. தூக்கியும் போடவில்லை. டாக்டர் கொடுத்ததாயிற்றே.

நான் உணவு ஆலோசகர். மாட்டுங்காவில் ஹோம் சயன்ஸ் படித்தவள். வாரத்தில் சில நாள் தாராவியில் ஒரு தர்ம டிஸ்பென்சரியில் உட்காருகிறேன், மற்ற நாட்களில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும். மூன்று இடத்திலும் வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். மூன்று இடத்திலும் வியாதி ஒன்றுதான், சுகர். அடுக்களைகள்தான் வேறு வேறு.

எங்கள் பாடப்புத்தகம் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்பது. நல்ல கேள்விதான். நம் ஆட்களிடம் அது அவ்வளவாகப் பலிக்காது. மரியாதை தெரிந்தவர்கள், எனக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று பார்த்துச் சொல்வார்கள். "கொஞ்சம்போலத்தான்க்கா சாப்ட்டேன். சோறு சும்மா பேருக்கு." சோற்றை அளந்து போடுவது நம் வீடுகளில் வழக்கமில்லை. அளந்து போட்டால் அது விருந்தாளியை அவமதிப்பது மாதிரி. அதனால் நான் தட்டை விட்டுவிட்டு மளிகைக் கடைக்குப் போய்விடுவேன். மாசத்துக்கு எத்தனை கிலோ அரிசி? பருப்பு எவ்வளவு? எண்ணெய் எத்தனை லிட்டர், சீனி எத்தனை கிலோ? வீட்டில் எத்தனை பேர்? இதற்கு யாரும் மாற்றிச் சொல்வதில்லை. கடைக்காரர் நோட்டில் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் பெண்களுக்கு மனப்பாடமாகவே தெரியும்.

ஐந்து பேர் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அரிசி 30 கிலோ, துவரம்பருப்பு 2 கிலோ. வகுத்துப் பார்த்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 200 கிராம், பருப்பு 13 கிராம். 200 கிராம் அரிசி வெந்தால் 500, 600 கிராம் சோறு. பிள்ளைகள் குறைத்துச் சாப்பிடுவதால் பெரியவர்கள் பங்கு இன்னும் கூடும். ப்யூர் என்ற பெயரில் 21 நாடுகளில் நடந்த ஆய்வு 2020-ல் வெளியிட்ட கணக்கு இது: தெற்காசியாவில் ஒரு நாளைக்கு 450 கிராமோ அதற்கு மேலோ வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு, 150 கிராமுக்குள் சாப்பிடுகிறவர்களைவிட 61 சதவீதம் அதிகம். பருப்புக்கு வருவோம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 85 கிராம் பருப்பு, பயறு வேண்டும் என்றிருக்கிறது. இந்த வீட்டில் 13. குழம்பில் பருப்பு இருக்கும், தேடினால் கிடைக்கும்.

அதற்காக அந்த வீட்டு அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் குடும்பங்களுக்கு 2023 முதல் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசம். ஐந்து பேருக்கு 25 கிலோ, அரிசியும் கோதுமையுமாக. பருப்பைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் துவரம்பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் கிடைக்கிறது. திருநெல்வேலியிலிருந்து மும்பைக்குக் குடிவந்த குடும்பத்துக்குச் சம்பளம் கூடியது, பருப்பு குறைந்தது. 2022 தீபாவளிக்கு மகாராஷ்டிர அரசு ரேஷனில் 100 ரூபாய்க்கு ஒரு பை கொடுத்தது: ரவை, சர்க்கரை, கடலைப்பருப்பு தலா ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர். நாலில் மூன்று நான் குறைக்கச் சொல்லும் சாமான்கள். கடலைப்பருப்புக்கு மட்டும் நன்றி.

ஆக, சோற்றை விடுங்கள் என்று நான் சொல்வதில்லை. சொன்னாலும் நடக்காது. மாதச் செலவு ஏறாமல் விகிதத்தை மாற்றுவதுதான் என் வேலை. ரேஷனில் வருவது வரட்டும். அதற்கு மேல் காசு கொடுத்து வாங்கும் அரிசியில் ஐந்தாறு கிலோவை நிறுத்தி, அந்தக் காசுக்கு மசூர்ப்பருப்பு, கறுப்புக் கொண்டைக்கடலை, மட்கிப் பயறு. முளைகட்டிய மட்கியை மராத்திக்காரர்கள் உசல் வைப்பார்கள். பக்கத்து வீட்டு மாவ்ஷி ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும், நம் ஆட்கள் தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டு அதைத் தங்கள் குழம்பாகவே ஆக்கிவிடுவார்கள். நெல்லைக்காரர்களுக்கு இன்னொரு வழி கையிலேயே இருக்கிறது. தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தைப் போட்டு ஆக்கும் உளுந்தஞ்சோறு. ஊரில் அது என்றைக்காவது செய்வது. உளுந்தைக் கொஞ்சம் கூட்டி, அரிசியைக் குறைத்து, எள்ளுத் துவையலோடு வாரத்துக்கு இரண்டு நாள் வையுங்கள் என்பேன். அதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிடும். பத்தியம் என்று வந்த இடத்தில் ஊர்ச் சாப்பாட்டை எழுதிக்கொடுப்பார்கள் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

சுகர் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் தாதர் ஸ்டேஷனைத்தான் காட்டுவேன். காலை ஒன்பது மணிக்குப் பிளாட்பாரத்தில் நிற்கும் கூட்டம் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை. ரயில் நம் தசை. கதவைத் திறப்பது இன்சுலின். சோறு தின்றதும் கூட்டம் வரும், கதவு திறக்கும், ஏறிப் போய்விடும், பிளாட்பாரம் காலியாகும். நீரிழிவில் கதவு சரியாகத் திறக்காது, கூட்டம் அப்படியே நிற்கும். இதில் இரண்டு விஷயம் அவர்களுக்குத் தானாகவே புரிந்துவிடும். ஒரே நேரத்தில் மொத்தக் கூட்டத்தையும் பிளாட்பாரத்துக்கு அனுப்பினால் எந்த ரயிலும் தாங்காது, அதனால் ஒரு வேளைக்கு இவ்வளவு என்று பிரித்து அனுப்ப வேண்டும். ஒன்பது பெட்டி ரயிலைப் பன்னிரண்டு பெட்டி ஆக்கினால் கூட்டம் சீக்கிரம் குறையும், அதாவது தசை வேண்டும், நடக்க வேண்டும், கனம் தூக்க வேண்டும். மும்பைக்காரர்களிடம் இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதே இல்லை.

"நான் ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படி?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு படம் வைத்திருக்கிறேன். 2004-ல் லான்செட் இதழில் வந்தது. இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனை ஆராய்ச்சியாளர் யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்துக்காரர் யூட்கின். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றுபோல 22.3. உடம்பில் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மில் பலர் அப்படித்தான். அதனால் எடை மெஷினைவிட இஞ்சு டேப்பை நான் அதிகம் நம்புகிறேன். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டினால் பேச உட்கார வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை டாக்டர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் சொன்னது: நாட்டில் நீரிழிவுக்காரர்கள் 10 கோடிக்கு மேல், வாசலில் நிற்கிறவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7-க்குக் கீழே நலம், 6.5 முதல் நோய், இடையில் இருப்பது வாசல். வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் திருத்தியவர்களில் நீரிழிவு வருவது மூன்று வருடத்தில் 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதே அளவுதான்.

தாராவியில் இந்த வியாதி சீக்கிரம் தெரியவருவதில்லை. அதற்கு ஒரு காரணம் கக்கூஸ். அடிக்கடி ஒன்றுக்குப் போவதுதான் முதல் அறிகுறி என்று எல்லாச் சுவரொட்டியிலும் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் கழிப்பறை இருக்கிறவருக்கு எழுதிய சுவரொட்டி அது. பொதுக் கழிப்பறைக்கு ராத்திரி ஒரு மணிக்குச் சந்து தாண்டிப் போக வேண்டிய பெண் என்ன செய்வாள்? "சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிக்கிறதையே நிப்பாட்டிட்டேன்க்கா." தாகத்தை அடக்கி, மூத்திரத்தை அடக்கி, இரண்டு அறிகுறியையும் மறைத்துவிடுகிறார்கள். பிறகு நமைச்சல், ஆறாத புண், கண் மங்கல் என்று எதற்கோ போய், அங்கே ரத்தம் எடுக்கும்போது 300 என்று வந்து நிற்கும். ஆகவே, ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. எத்தனை மணிக்குத் தண்ணீரை நிறுத்துகிறீர்கள் என்றுதான் கேட்பேன். பதில் உடனே வரும்.

இட்லிக்காரர்களின் கதை தனி. விடிவதற்குள் ஆயிரக்கணக்கில் இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரங்களில் அடுக்கி, சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு ஊர் முழுக்கப் போகிறவர்கள். மும்பையின் பாதிக் காலைப் பலகாரம் இந்தச் சந்துகளிலிருந்துதான் கிளம்புகிறது என்றால் மிகை, ஆனால் ரொம்ப மிகையில்லை. இட்லி விற்கிறவர் இட்லி சாப்பிடுவதில்லை. இரண்டு மணிக்கு எழுந்ததிலிருந்து கட்டிங் சாய், கட்டிங் சாய், இன்னொரு கட்டிங் சாய். ஒரு கட்டிங்கில் ஒன்றரை ஸ்பூன் சீனி என்று வைத்தாலும் எட்டுக் கிளாஸில் 60 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. பதினோரு மணிக்கு அறைக்குத் திரும்பி, குளித்து, ஒரு குத்துச் சோறு. அந்த ஒரு குத்து எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்.

அவர்களிடம் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. மருந்துச்சீட்டில் 'காலை உணவுக்கு முன்' என்று கிளிமிப்பிரைடு எழுதியிருப்பார்கள். அவர் காலை ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதிப்பார். சாப்பாடு வர நாலு மணி நேரம் இருக்கிறது. சயான் சர்க்கிளில் வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டி விழுந்தவரை ஜனங்கள் குடிகாரர் என்று நினைத்து விலகிப் போயிருக்கிறார்கள். தாழ்சர்க்கரை அது. மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் பார்த்து, தெளியாவிட்டால் மறுபடி கொடுத்து, பிறகு ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீனிப் பொட்டலம் இருக்கட்டும் என்று நான் சொன்னால் "சீனிதான் ஆகாதே" என்று சிரிப்பார்கள். மாத்திரை நேரத்தைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து மாற்றுவது டாக்டர் வேலை. அதைக் கேட்டுக் கடிதம் எழுதுவது என் வேலை. கிளம்புவதற்கு முன்னால் இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் கெட்டி சாம்பார், ஒரு வேகவைத்த முட்டை. எட்டுக் கட்டிங்கில் ஐந்தைச் சீனியில்லாத ஃபீக்கா ஆக்குவது. அவருடைய சரக்கையே அவரைச் சாப்பிட வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "இட்லி வியாபாரத்துக்குக்கா" என்பார்.

கருப்பட்டி இன்னொரு யுத்தம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் மஞ்சள் பையில் வந்து இறங்கும். "சீனியை விட்டு ஒரு வருசமாச்சு, இப்பம் கருப்பட்டிக் காப்பிதான்" என்று பெருமையாகச் சொல்கிறவரிடம், அதிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான் என்று சொல்வது கொஞ்சம் கொடுமையான வேலை. பனை ஏறிய தாத்தாவின் வியர்வையை நான் குறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். கருப்பட்டி நல்ல பொருள். ரத்தத்துக்கு மட்டும் அதன் ஊர்ப்பெருமை தெரியாது. வெல்லத்துக்கும் தேனுக்கும் இதே கதைதான்.

மாட்டுங்காவில் எல்லாம் தலைகீழ். இங்கே தகவல் குறைவில்லை. ஆஸ்திக சமாஜத்தில் தரிசனம் முடித்துவிட்டு, மார்க்கெட்டில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டு வரும் மாமிக்குக் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்றால் என்னவென்று தெரியும். அமெரிக்காவில் இருக்கும் பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். "ஏண்டி கோந்தே, நான் கார்த்தால கேழ்வரகுக் கஞ்சிதான் குடிக்கறேன். ஆனாலும் சுகர் ஏறறதே?" ஏறத்தான் செய்யும். தானியத்தை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிக் குடித்தால் வயிறு செய்ய வேண்டிய வேலையில் பாதியை அடுப்பே செய்து கொடுத்துவிடுகிறது. அதே கேழ்வரகை ரொட்டியாகத் தட்டி, கீரையும் வெங்காயமும் போட்டுக் கடித்து மென்று தின்றால் மெதுவாக ஏறும். ராத்திரி சப்பாத்தி என்பதும் அப்படிப்பட்ட நம்பிக்கைதான். சோற்றுக்குப் பதில் இரண்டு சப்பாத்தி என்றால் லாபம், ஏனென்றால் சப்பாத்தியை எண்ணலாம். ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்கு மசாலாவும் என்றால் சோறே தேவலை.

விரத நாட்கள் வேறு. ஏகாதசி, சங்கடஹர சதுர்த்தி, அதோடு மராத்தியப் பழக்கமும் சேர்ந்துகொண்டு சாபுதானா கிச்சடி. சேலத்து ஜவ்வரிசி மகாராஷ்டிரத்தின் விரதத்துக்கெல்லாம் ஊழியம் செய்கிறது. அது மரவள்ளி மாவுச்சத்து, அவ்வளவுதான். மற்ற நாள் சோற்றைவிட அன்றைக்குத்தான் சர்க்கரை எகிறும். விரதத்தை விடச் சொன்னால் மாமி என் முகத்திலேயே விழிக்க மாட்டார். சுண்டல் இருக்கிறது, மோர் இருக்கிறது, ஒரு பிடி வேர்க்கடலை இருக்கிறது. பாலக்காட்டு வீடுகளில் மொளகூட்டல் இருக்கிறது, பருப்பும் காயும் தேங்காயும் ஒரே கிண்ணத்தில். என் தொழிலில் இதைவிட நல்ல பதார்த்தம் நான் பார்த்ததில்லை. நான் சொல்வதெல்லாம் மொளகூட்டலில் கொஞ்சம் சாதம் போட்டுக்கொள்ளுங்கள், சாதத்தில் கொஞ்சம் மொளகூட்டல் விட்டுக்கொள்ளாதீர்கள் என்பதுதான்.

மாமிகளிடம் இன்னொன்றையும் கேட்பேன். கால் எரிகிறதா, மரத்துப்போகிறதா? சைவச் சாப்பாடும் பல வருடம் மெட்ஃபார்மினும் சேர்ந்தால் பி12 குறைந்துபோகும். எரிச்சலை எல்லாம் சர்க்கரைக் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். ஒரு ரத்தச் சோதனையில் தெரிந்துவிடுகிற விஷயம்.

செம்பூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அங்கே வருகிற அணுசக்தி நிலையத்து ரிட்டயர்டு மனிதர்கள் எனக்குப் பாடம் எடுப்பார்கள். ஒருவர் ஒரே சாப்பாட்டை மூன்று விதமாகச் சாப்பிட்டு, ஒவ்வொரு தடவையும் விரலைக் குத்திப் பார்த்து, கிராஃப் தாளில் கோடு போட்டுக்கொண்டு வந்தார். சோறு முதலில், காயும் பருப்பும் முதலில், சாப்பிட்டபின் செடா நகர் முருகன் கோயில் வரை நடை. காயும் பருப்பும் முதலில் போன நாளில் கோடு தாழ்ந்திருந்தது. நடந்த நாளில் இன்னும் தாழ்ந்திருந்தது. 2015-ல் நியூயார்க்கில் இதையே செய்து பார்த்திருக்கிறார்கள், காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டால் ஏற்றம் நன்றாகக் குறைகிறது என்றேன். "அவர்கள் எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள்?" என்றார். பதினோரு பேர். "என்னைவிடப் பத்துப் பேர்தான் அதிகம்" என்று தாளை மடித்து வைத்துக்கொண்டார். நம் இலைச் சாப்பாட்டில் சோற்றுக்கு முன்பே கூட்டும் பொரியலும் வந்துவிடுகிறது. காத்திருக்காமல் அதை முதலில் தின்றுவிட வேண்டியதுதான்.

லோக்கல் ரயில் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பற்றி: நீரிழிவை அடியோடு ஒழிக்கும் பொடி, 40 நாள், கேரண்டி. இதை வாங்கித் தின்றுவிட்டு மாத்திரையை நிறுத்தியவர்கள் மயங்கி வந்திருக்கிறார்கள். மருந்தில்லாமல் சர்க்கரை அடங்குவது நடக்காத காரியமில்லை. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், கலோரியைக் கடுமையாகக் குறைத்து எடை குறைத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் மருந்தில்லாத நிலைக்கு வந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். ஆனால் அவர்கள் கனத்த உடம்புக்காரர்கள், நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், டாக்டர் கண்காணிப்பில் இருந்தவர்கள். 52 கிலோ இருக்கிற தாராவித் தோல் தொழிலாளி எந்தப் 15 கிலோவைக் குறைப்பார்? எடை குறைகிறதே என்று ஒல்லி மனிதர் சந்தோஷப்பட்டால் எனக்குக் கலக்கம்தான் வரும். சில நேரம் அது இன்சுலின் வேண்டும் என்பதன் அடையாளம்.

இன்சுலின் என்றதும் எல்லோர் முகமும் இருண்டுவிடும், கடைசிக் கட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கப்புறம் வரும் கேள்வி நியாயமானது: பிரிட்ஜ் இல்லையே? திறந்த குப்பியை 30 டிகிரிக்குள் ஏறக்குறைய நாலு வாரம் வெளியே வைத்திருக்கலாம். மே மாதத்து மும்பையில் தகரக் கூரைக்கு அடியில் 30 டிகிரி எங்கே கிடைக்கும்? கும்பார்வாடாவில் கிடைக்கும். தாராவிக்குள்ளேயே குஜராத்திக் குயவர்களின் குடியிருப்பு அது. பெரிய மண்சட்டிக்குள் ஈரமணல், அதற்குள் சின்ன மண்சட்டி, அதற்குள் தண்ணீர் புகாத டப்பாவில் குப்பி, மேலே ஈரத்துணி. மணல் காயாமல் பார்த்துக்கொண்டால் வெளி வெக்கையைவிட உள்ளே குளிர்ந்திருக்கும். திறக்காத குப்பிகளுக்கு இது போதாது, அவற்றைப் பிரிட்ஜ் உள்ள பக்கத்து வீட்டிலோ மருந்துக் கடையிலோ வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் ஒரு வீட்டில் சர்க்கரை அடங்குவதும் அடங்காததும் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்பதில் போய் முடிகிறது. ஆண்களுக்குச் சுகர் என்றால் எனக்குப் பாதி வேலைதான். கூட வந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போய்ச் செய்துவிடுவார், தனியாகக் காய், தனியாக முட்டை. அந்த மனைவிக்கே சுகர் வந்தால்? பொரியலும் மீன் துண்டும் தட்டுகளில் போய்விட்டபின், சட்டியில் மிச்சமிருக்கும் குழம்பும் பானையில் மிச்சமிருக்கும் சோறும்தான் அவர் பங்கு. வீணாகக் கூடாது என்று அதையும் வழித்துப் போட்டுக்கொள்வார். அவர் கையில் எந்தச் சார்ட்டைக் கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது. அதனால் பெண் நோயாளிகளுக்கு நான் தனிப் பத்தியம் எழுதுவதை விட்டுவிட்டேன். மாமியாரோ புருஷனோ மூத்த மகளோ, யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பேன். வந்தவரிடம் கேட்பது மறுபடியும் அதே கேள்விதான், மாசத்துக்கு எத்தனை கிலோ அரிசி. வீட்டுப் பானை மாறினால் அந்த அம்மா கடைசியில் சாப்பிட்டாலும் மிச்சத்தில் கொஞ்சம் பயறு இருக்கும்.

பிள்ளைத்தாய்ச்சிகள் வரும்போது இன்னும் கவனமாக இருப்பேன். சென்னை டாக்டர் சேஷையா வகுத்த முறை இப்போது அரசு வழிகாட்டியிலேயே இருக்கிறது: சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம், 140-ம் அதற்கு மேலும் என்றால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு வா என்று சொல்ல வேண்டாததால் வேலைக்குப் போகிற பெண்களும் செய்துகொள்கிறார்கள். "ரெண்டு உசிருக்குச் சாப்பிடணும்லா" என்று மாமியார் ஆரம்பிப்பார். ஆமாம் ஆச்சி, அந்த இரண்டாவது உயிருக்குப் பருப்பும் முட்டையும் வேண்டும், இரண்டாவது தட்டுச் சோறு வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்வார். பெரும்பாலானவர்களுக்கு இதோடு அடங்கிவிடும்.

அதற்கப்புறம்தான் சிக்கல். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் ஊருக்கு ரயிலேறிவிடுவாள். இங்கே எழுதிய ஃபைல் இங்கேயே தங்கிவிடும். பிரசவம் ஆனதும் சர்க்கரை இறங்கிவிடுவதால் எல்லோரும் மறந்துவிடுவார்கள். கர்ப்பத்தில் வந்தவளுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு. ஆறாவது வாரம் ஒரு சோதனை, பிறகு வருடம் தவறாமல் ஒன்று என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மாநிலத்துக்கு நடுவில் அந்தச் சோதனை தொலைந்துபோகிறது. பிள்ளைக்கு ஆறாவது வாரம் போடும் தடுப்பூசியை மட்டும் எந்த வீட்டிலும் மறப்பதில்லை. ஆகவே ஊருக்குக் கிளம்புகிறவள் கையில் ஒரு அட்டையைத் தமிழில் எழுதிக் கொடுத்து, பிள்ளையின் ஊசிக் கார்டோடு சேர்த்துப் பின் குத்தி வைக்கச் சொல்கிறேன்: 'ஆறாவது வாரம். பிள்ளைக்கு ஊசி. அன்றே தாய்க்கு, வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று.' கீழே என் நம்பர். சில ஊர்களில் நர்சம்மா பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறார். சில ஊர்களிலிருந்து போன் வரும், யார் இதை எழுதிக் கொடுத்தது, எதற்கு என்று. எதற்கு என்று சொல்கிறேன்.